ஊசி தின்ற எழுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு சுரைனி எழுந்தாள். தொழுதாள். பூனைக்கு மீன் தலை வைத்தாள். முந்தின இரவு மிஞ்சிய தேங்காய்ப்பால் குழம்பைச் சூடு பண்ணினாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்ததால் அவசரம் இல்லை. கணவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவனுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை, இருந்தாலும் போட்டாள். ஏழரைக்கு இருவரும் சாப்பிட்டார்கள். ஒன்பதரைக்கு அவள் மறுபடியும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிட முடியாது, அதான்" என்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவளை வாய்க்காலிலிருந்து தூக்கினார்கள். தலையின் பின்பக்கம் உடைந்திருந்தது. ஸ்கூட்டர் அவளுக்கு மேலே கிடந்தது.

குசைரி இதை இதே வரிசையில், இதே வார்த்தைகளில், நான்காவது தடவையாகச் சொல்லி முடித்தான். முப்பத்தோரு வயது. கல்லூரியில் படித்தவன். மனைவியைப் புதைத்த மண் காய்வதற்குள் அவனைக் கொண்டுவந்து லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தா பாதி கேஸ் கரைஞ்சிருக்கும், அபாங்" என்று போர்ஹான் காதில் முணுமுணுத்தான்.

துப்பறிபவன் ஜம்ஹாரியைவிட உதவியாளன் போர்ஹான் இரண்டு வயது பெரியவன். இருந்தும் அவனை அபாங், அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். உங்க மூளைக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி என்று காரணம் சொல்வான். பதினோரு வருஷம் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இடம் இல்லாத பஸ்ஸில் ஆள் ஏற்றுவது போல, பேச இடம் இல்லாத இடத்திலும் ஒரு வார்த்தையை ஏற்றிவிடுவான்.

"சாப்பிட்டீங்களா?" என்று ஜம்ஹாரி கேட்டான்.

"அபாங் லோங் சாப்பாடு கொண்டுவந்தார். வக்கீலும் அவர்தான் பாத்துக் கொடுத்தார்."

அபாங் லோங், மூத்த அண்ணன், என்பது சுரைனியின் அக்கா கணவன் தர்மிசி. குடும்பத்தில் குசைரியை இன்னும் மனிதனாக நினைப்பவர் அவர் ஒருவர்தான்.

"எதுக்கு மூணு மணி வரைக்கும் சாப்பிட முடியாதுன்னாங்க?"

"தெரியாது." பொத்தான் அறுந்து கையோடு வந்தது. குசைரி அதைப் பார்த்தான். "கேக்கல."

இன்று மாலை நான்கு மணிக்குக் காவல் முடிகிறது. முடிந்ததும் கொலைக் குற்றம் பதிவாகும். கயிறு வரைக்கும் போகக்கூடிய குற்றம். அவனுக்கு எதிராக இருந்தது ஒன்பது விநாடிப் பேச்சு, அவ்வளவுதான்.

மூன்று வாரமாக யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுரைனியைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டை அவன் ஒரு நாளும் தூக்கியதில்லை. இதை அவள் அக்கா சல்மியாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சல்மியாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தங்கை புருஷன் மேல்தான் சந்தேகம். வேலை போனவன், வாய் பேசாதவன். அந்தச் செவ்வாய் பதினொன்று ஐம்பதுக்கு அவள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்டாள்: "உன் பின்னாடி வர்றது உன் புருஷன்தானே? மறைக்காம சொல்லு."

பன்னிரண்டு எட்டுக்குப் பதில் வந்தது. காற்று இரைச்சல். மூச்சு வாங்குகிறது. பிறகு மலாயில் குழறலாக மூன்று துண்டு.

காக் லோங்... கான் டியா... சாயாங் லோங்.

காக் லோங், மூத்த அக்கா. கான் டியா, அவர்தானே. சாயாங் லோங், லோங் மேல் உயிர். செத்துப்போகும் நேரத்திலும் தங்கை கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அக்காவிடம் பாசத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று பாரிட் கெலாடி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டது. போலீஸுக்கும் அப்படித்தான் கேட்டது. நாற்பது தடவை போட்டுப் பார்த்த ஜம்ஹாரிக்கும் அப்படியேதான் கேட்டது.

"எங்க போறோம், அபாங்?" வெளியே வந்ததும் போர்ஹான் கேட்டான்.

"பல் டாக்டர்கிட்ட."

"எனக்குப் பல்லு நல்லா இருக்கு."

"உன்னைக் கேக்கல."

டாக்டர் தெங்கின் கிளினிக் ஆற்றோரக் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசல் பலகையில் சிரிக்கும் கடைவாய்ப்பல் ஒன்று கிரீடம் வைத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு அதுதான் தொழில். உடைந்த பல்லைத் தேய்த்து அதன் மேல் கிரவுன் என்கிற கேப் மாட்டுவார். ரத்தம், சொத்தை, பிடுங்கல் எல்லாம் கீழ்த்தெரு டாக்டர்களுக்கு.

"ராஜாவுக்குத் தலையில, நமக்கு வாயில" என்றபடி போர்ஹான் படியேறினான்.

கவுன்டரில் இருந்த நர்ஸ் சுரைனியின் அட்டையை எடுத்துக் காட்டினாள். போலீஸுக்கும் இதையே காட்டியிருக்கிறாள். கீழ்த்தாடை, இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டாம் வருகை, ஒட்டியாயிற்று.

"ரெண்டாவது தடவை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணுமில்ல, சார். முதல் தடவைதான் தேய்ப்பு, ஊசி, எல்லாம். ரெண்டாவது தடவை ரெடியா வந்த கேப்பைப் பசை வெச்சு ஒட்டறதுதான்."

"ஒட்டினா எவ்வளவு நேரம் சாப்பிடக் கூடாது?"

"ஒரு மணி நேரம்."

பதினொன்றே முக்காலுக்குக் கிளினிக்கை விட்டுக் கிளம்பியவள். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணிக்குச் சாப்பிடலாம். அவள் மூன்று மணிக்கு வயிற்றைத் தயார்ப்படுத்தியிருந்தாள். ஜம்ஹாரி அந்த இரண்டு மணி நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளே டாக்டர் வேலையில் இருந்தார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

நோயாளிகளைப் பேச வைக்க போர்ஹானுக்கு ஒரு கேள்வி போதும். "இவர்கிட்ட வலிக்குமா?"

"வலியா?" லாரி டிரைவர் மாதிரி இருந்த பெரியவர் சிரித்தார். "தேய்ச்சுக்கிட்டிருக்கும்போது தூங்கிட்டேன். என் குறட்டைல டாக்டர்தான் பயந்து மெஷினை நிறுத்தினாரு."

"எனக்கும் வலிக்கல" என்றார் பக்கத்தில் இருந்த தபால்காரர். "ஆனா பசை காயறதுக்குள்ள கேப்போட சேத்து ஒரு பலகாரத்தை முழுங்கிட்டேன். கேப் விலை தெரியும்ல? விட மனசு வரல. மூணு நாள் காத்திருந்து..."

"மேல சொல்லாதீங்க" என்றான் போர்ஹான்.

"அதையேதான் டாக்டரும் சொன்னாரு. புதுசாவே போட்டுக் கொடுத்துட்டாரு."

ஜம்ஹாரி சிரிக்கவில்லை. "ஒட்டற அன்னிக்கு ஊசி போட்டாரா?"

"எனக்கில்ல" என்றார் லாரிக்காரர். "அது செத்த பல்லு. வேரைச் சுத்தம் பண்ணி நரம்பை எடுத்தாச்சு. செத்ததுக்கு எதுக்கு ஊசி?"

"எனக்கும் அதேதான்" என்றார் தபால்காரர்.

உள்கதவு திறந்தது. மீன் அப்பளம் விற்கும் பியா அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போர்ஹானைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"ஓர்ஹான்! நீ எங்க இங்க? அல்லு அலியா?"

போர்ஹான் ஒரு கணம் திகைத்தான். "பல்லு வலியான்னு கேக்கறாங்க, அபாங். ஒரே ஊசியில டாக்டர் என் தலையெழுத்தையே எடுத்துட்டாரு."

பியா அக்கா சிரிக்கப் பார்த்தாள். உதடு வரவில்லை. நர்ஸ் கொடுத்த தம்ளரை வாயில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். மார்புப் பக்கம் உடுப்பு நனைந்தது. ஜம்ஹாரி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் சர்பத் விற்பவன் போலீஸிடம் சொன்னது அவனுக்கு மனப்பாடம். பன்னிரண்டு மணி போல டீச்சர் வந்தாங்க, ரோஸ் சர்பத் வாங்கினாங்க, நெஞ்செல்லாம் கொட்டிக்கிட்டாங்க, பயத்துல நடுங்கியிருப்பாங்க. சிவப்புக் கறை படிந்த அந்த மேல்சட்டை ஆதாரப் பையில் இருந்தது. புருஷனுக்குப் பயந்த மனைவி என்று அதன் மேல் எழுதாத குறைதான்.

"அக்கா, இன்னிக்கு உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

"ஒட்டினாங்க."

"ஊசி?"

பியா அக்கா இரண்டு விரலைக் காட்டினாள். ஒன்றை இடது தாடையில் வைத்தாள். ஒன்றை வலது தாடையில்.

"எப்போ சாப்பிடலாம்னாங்க?"

"ஊணு அணி."

மூணு மணி.

டாக்டர் தெங் ஒல்லியான மனிதர். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"ஆமா, போட்டேன். ரெண்டும் உயிருள்ள பல்லு. உயிர் இருந்தா பசை பட்டா கூசும். டீச்சருக்கு வலின்னாலே ஆகாது. முதல் தடவை என் நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அதான் இந்தத் தடவை வாயை நல்லா மரத்துப்போக வெச்சிட்டேன். மூணு மணி வரைக்கும் சாப்பிட முடியாதுன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தேன்."

"அட்டையில இல்லையே, டாக்டர்."

"ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி கை கழுவறேன். அதையும் எழுதறதில்ல."

"போலீஸ் கேக்கலையா?"

"மருந்து எதாச்சும் கொடுத்தீங்களான்னு கேட்டாங்க. மாத்திரை எதுவும் கொடுக்கலைன்னேன்." அவர் கையுறையைக் கூடையில் போட்டார். நிமிர்ந்தார். "ஏன்? அதனால ஏதாவது...?"

"டாக்டர், அதே ஊசியை அதே அளவு, அதே ரெண்டு இடத்துல இன்னொருத்தருக்குப் போட முடியுமா?"

"சும்மா எல்லாம் போட முடியாது. யாருக்கு?"

ஜம்ஹாரி திரும்பிப் பார்த்தான். போர்ஹானின் கை ஏற்கெனவே கதவுக் குமிழில் இருந்தது.

"அபாங், எனக்கு அம்மா இருக்காங்க."

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர். விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். முகம் மாறியது. "கீழ ரெண்டு பக்கமும் உடைஞ்சிருக்கு. எத்தனை வருஷமா இப்படி? இன்னிக்கே தேய்ச்சாகணும்."

"பாத்தியா, பல்லு நல்லா இருக்குன்னே" என்றான் ஜம்ஹாரி.

"வெளியில இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும்" என்று முனகியபடி போர்ஹான் நாற்காலியில் சாய்ந்தான்.

பதினைந்து நிமிஷம் கழித்து ஜம்ஹாரி ஒரு தாளில் இரண்டு வார்த்தை எழுதி அவன் மடியில் வைத்தான். புக்கான் டியா. அவர் இல்லை.

"யோசிக்காம, வேகமா. யாரோ துரத்தறான், ஓடிக்கிட்டே போன்ல சொல்ற. அப்படிச் சொல்லு."

போர்ஹான் சொன்னான். ஜம்ஹாரி போனில் பதிவு செய்ததைப் போட்டான்.

கான் டியா.

இன்னொரு முறை சொன்னான். கான் டியா. முதல் எழுத்துக்கு உதடுகள் இரண்டும் சேர வேண்டும். சேரவில்லை. முன்னால் இருந்த 'பு' எங்கேயும் இல்லை. அவர் இல்லை என்ற சொல் தலையெழுத்தை இழந்து, அவர்தானே என்று வெளியே வந்தது. ஒரு எழுத்து. அதன் மறுமுனையில் ஒரு மனிதன் அறுந்த பொத்தானோடு உட்கார்ந்திருக்கிறான்.

மணி ஒன்றே கால். நேராக கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டரிடம் போய்விடலாம் என்று ஜம்ஹாரி நினைத்தான். போனை எடுத்தான். படியை நோக்கி நடந்தான்.

பின்னால் போர்ஹான், வாயோரம் வழிவதைத் துடைத்துக்கொண்டு, தன்னை விட்டுவிட்டுப் போகிறானே என்று கத்தினான்.

"அ-ஆங்!"

ஜம்ஹாரி நின்றான். அந்தச் சத்தத்தை அவன் ஏற்கெனவே நாற்பது தடவை கேட்டிருக்கிறான்.

"இன்னொரு தடவை கூப்பிடு."

"அ-ஆங்" என்றான் போர்ஹான், குழப்பத்தோடு. நாளெல்லாம் கூப்பிடும் அதே வார்த்தை, நடு எழுத்து இல்லாமல்.

ஜம்ஹாரி சுரைனியின் ஒன்பது விநாடியைப் போட்டான். கடைசித் துண்டை மட்டும் மறுபடி போட்டான். மூன்றாவது தடவை போட்டபோது போர்ஹான் வாயைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். அந்த 'சா'வை சுரைனி சொல்லவில்லை. காற்று சொல்லியிருந்தது. மிச்சத்தைக் கேட்டவர்களின் ஆசை சொல்லியிருந்தது.

அவர்கள் சல்மியாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. இன்ஸ்பெக்டர் வாஹிட் வேலிக்கு வெளியே பின்பக்கமாக இரண்டு பேரோடு நின்றுகொண்டார். ஜம்ஹாரி கேட்டுக்கொண்டபடி.

தர்மிசிதான் கதவைத் திறந்தார். சிரித்த முகம், தொழுகைத் தொப்பி. "வாங்க, வாங்க. குசைரி சாப்பிட்டானா? பாவம், வெறும் வயித்தோட இருப்பான். உக்காருங்க, காப்பி போடறேன்."

சல்மியா நாற்காலியில் சுருண்டிருந்தாள். போன் மடியில் இருந்தது. அதில் தங்கையின் குரலைத் தவிர வேறெதையும் அவள் இப்போதெல்லாம் திறப்பதில்லை.

"அந்தக் குரலை இன்னொரு தடவை கேக்கணும், அக்கா."

"இருங்க." அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அவர் அந்தப் பக்கம் போகட்டும். இதைப் போட்டாலே எழுந்து போயிடுவாரு. தாங்காது அவருக்கு."

உள்ளே கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம் கேட்டது. ஜம்ஹாரி முதலில் தன் போனைப் போட்டான். கான் டியா, கான் டியா.

"யாரு இது? குடிச்சிருக்காரா?"

"இவன்தான். பல் டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டான். அன்னிக்கு சுரைனிக்குப் போட்ட அதே ஊசி, அதே ரெண்டு இடம். இவன் வாசிச்சது இது." தாளைக் காட்டினான்.

சல்மியா படித்தாள். வெகுநேரம் படித்தாள். இரண்டே வார்த்தை.

"அப்போ குசைரி..."

"அவர் இல்ல, அக்கா. அதைத்தான் சொல்லியிருக்காங்க."

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஏதோ ஒன்று வருவது தெரிந்துவிட்டது போல, போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"மிச்சம் எனக்கு. சாயாங் லோங்னு சொன்னா. அது எனக்குச் சொன்னது. அதை எங்கிட்டேயிருந்து எடுக்காதீங்க."

ஜம்ஹாரி தரையைப் பார்த்தான். போர்ஹான் ஜன்னலைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுரைனி உங்களை எப்பவாவது வெறும் லோங்னு கூப்பிட்டிருக்காங்களா?"

"இல்ல. எப்பவும் காக் லோங்தான். சின்னப் பிள்ளையிலிருந்து..."

நிறுத்தினாள். அவள் விரல் தானாகப் போனைத் தொட்டது. ஒன்பது விநாடி ஓடியது. மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை அவள் தங்கையோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். தங்கையின் உதடுகள் ஒட்டாத இரண்டு இடத்தில் அவள் உதடுகள் ஒட்டின.

சமையலறையில் கரண்டி நின்றுவிட்டது. பின்கதவு கிறீச்சிட்டது. வேலிப் பக்கம் இன்ஸ்பெக்டர் யாரையோ பேர் சொல்லி நிற்கச் சொன்னார். சல்மியா திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை சொன்னதை எல்லா எழுத்தும் வைத்து, முதல் முறையாகச் சத்தமாகச் சொன்னாள்.

"காக் லோங், புக்கான் டியா. அபாங் லோங்."